எண்ண முடியாத பறவைக்குச் சட்டக் காவல் தேவையா?

ஒரு பறவை அழிந்துகொண்டிருக்கிறதா என்று கேட்டால், எண்ணிப் பார்த்துவிட்டால் போச்சு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். புலியையும் யானையையும் எண்ணுகிறார்களே! வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் வாழும் குயின் சார்லட் கோஷாக் பறவைக்கு அது நடக்கவே இல்லை. அதற்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டு 1994இல் அமெரிக்க அரசிடம் மனு போட்டார்கள். இறுதி ஆணை வந்தது 2012இல். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் மதிப்பீடுகள் வந்தன, நீதிமன்றத் தீர்ப்புகள் வந்தன. காட்டில் தலை எண்ணி எடுத்த கணக்கு மட்டும் வரவில்லை. ஆனாலும் முடிவெடுக்க முடிந்தது. எப்படி என்பதுதான் விஷயம்.

கோஷாக், நம் ஊர்த் தோப்புகளில் ஓணான் பிடிக்கும் வல்லூறின் பெரிய உறவுக்காரன். குட்டையான அகன்ற இறக்கை, நீண்ட வால், வளர்ந்த பறவைக்குச் சிவந்த கண். மரங்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து பாய்ந்து அணிலையும் காட்டுக்கோழி வகைகளையும் அடிக்கும். அதன் கிளையினங்களில் ஒன்றுதான் குயின் சார்லட் கோஷாக். அலாஸ்காவின் தென்கிழக்குத் தீவுகள், கனடாவின் ஹைடா க்வாய் தீவுகள், வான்கூவர் தீவு ஆகிய மழைக்காடுகள் இதன் இருப்பிடம். நிறம் மற்றவற்றைவிடக் கருமை, உடல் சற்றுச் சிறிது. மேலே இலைக்கூரை மூடியிருக்க வேண்டும், கீழே பறக்க வெளி வேண்டும். முதிர்ந்த காட்டில்தான் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். மொட்டையாக வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் முளைக்கத்தான் செய்கிறது. ஆனால் பல பத்தாண்டுகளுக்கு அது இடைவெளியே இல்லாத அடர்ந்த புதராக நிற்கும். வரைபடத்தில் பச்சை, பறவைக்குச் சுவர்.

அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டு அழிநிலை உயிரினச் சட்டம், ‘எத்தனை இருக்கின்றன?’ என்று கேட்பதில்லை. ஐந்து கேள்விகளைத்தான் கேட்கிறது. வாழிடம் அழிகிறதா, மனிதர் அளவுக்கு மீறிப் பிடிக்கிறார்களா, நோயோ பிற வேட்டை விலங்கோ அழிக்கிறதா, இப்போதுள்ள விதிகள் போதாமல் இருக்கின்றனவா, வேறு ஏதேனும் காரணம் உண்டா? இவற்றில் ஒன்று போதும், பாதுகாக்க வேண்டிய உயிர்களின் பட்டியலில் சேர்க்கலாம். இதனால் மரத்தொழிலுக்கு எவ்வளவு நட்டம் என்பதை அந்தக் கட்டத்தில் பார்க்கவே கூடாது. கைவசம் உள்ள தரவுகளில் சிறந்ததை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும். ‘கைவசம் உள்ள’ என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய சண்டையே அதன்மேல்தான்.

முதலில், எண்ணுவதில் என்ன கஷ்டம்? கோஷாக்கைத் தேடும் களப்பணியாளர் ஒலிபெருக்கியோடு காட்டுக்குள் போவார். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை நின்று, கோஷாக்கின் ‘கேக்-கேக்-கேக்’ என்ற எச்சரிக்கைக் குரலைப் பத்து நொடி ஒலிக்கவிடுவார். அரை நிமிடம் காது கொடுத்துக் கேட்பார். வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி மறுபடியும் ஒலிக்கவிடுவார். அருகில் கூடு இருந்தால் பறவை பதில் கொடுக்கும். சில நேரம் தலையைக் குறிவைத்தே பாயும். பதில் வராவிட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். உதிர்ந்த சிறகு, சுண்ணாம்பு தெளித்தது போன்ற எச்சம், இரையின் இறகைப் பிய்த்துப் போட்ட மரக்கட்டை என்று ஏதாவது கிடைக்கும். ஒரு சோடியின் வேட்டைப் பரப்போ ஆயிரக்கணக்கான ஹெக்டேர். அலாஸ்காவின் டாங்காஸ் தேசியக் காடு மட்டுமே ஏறத்தாழ 68 லட்சம் ஹெக்டேர், அதுவும் தீவு தீவாக. முழுக்கத் தேடுவது நடக்கிற காரியமா?

சரி, கூட்டைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு அது காலியாகக் கிடந்தால் சோடி செத்துவிட்டது என்று பொருளா? இல்லை. ஒரு சோடி தன் எல்லைக்குள் பல கூடுகளை வைத்திருக்கும், ஆண்டுக்கொன்றாக மாற்றும். புதுக்கூடு பழையதிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளியோ இன்னும் தூரத்திலோ இருக்கலாம். இரை குறைந்த ஆண்டில் முட்டையே இடாமல் சும்மா இருக்கும். அப்போது ஒலிபெருக்கிக்கும் சரியாகப் பதில் கொடுக்காது. போதாக்குறைக்கு, மரம் வெட்டத் திட்டமிட்ட இடங்களில்தான் கணக்கெடுப்பே அதிகம் நடந்தது. ஆகவே, கூடுகள் எங்கே கிடைத்தன என்பது பறவையின் விருப்பத்தைக் காட்டுகிறதா, ஆய்வாளரின் கால்தடத்தைக் காட்டுகிறதா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இந்தச் சிக்கல் அரிசோனாவில் வெளிப்படையாகவே வெடித்தது. கிராண்ட் கேன்யனின் வடகரையில் உள்ள கைபாப் பீடபூமியில், கூட்டைச் சுற்றிச் சிறு வளையத்தை மட்டும் விட்டுவிட்டு வெளியே மரம் வெட்டிய இடங்களுக்குக் கோஷாக்குகள் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்தது என்று ஆய்வாளர் க்ராக்கர்-பெட்ஃபோர்ட் 1990இல் எழுதினார். 1997இல் இன்னொரு ஆய்வாளர் பாட்ரிசியா கென்னடி, அதுவரை வந்த தரவுகளையெல்லாம் அலசி, எண்ணிக்கை சரிகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றார். எதிர்ப்புக் கட்டுரைகள் உடனே வந்தன: சான்று இல்லை என்பது வேறு, சரிவு இல்லை என்பது வேறு. 100ஆவது தீர்க்கரேகைக்கு மேற்கே, அதாவது அமெரிக்காவின் மேற்குப் பாதியில், உள்ள கோஷாக்குகள் அனைத்தையும் சேர்க்கச் சொன்ன மனுவை, பட்டியலிடத் தேவையில்லை என்று 1998இல் அரசு முடித்துவைத்தது. என் பார்வையில் கென்னடி தரவைப் படித்த விதத்தில் தவறில்லை. ஆனால், அத்தனை ஓட்டைகள் உள்ள தரவில் நிஜமான சரிவு இருந்திருந்தாலும் நம் கண்ணில் பட்டிருக்காது என்பதும் உண்மைதான்.

இனி அலாஸ்காவுக்குத் திரும்புவோம். குயின் சார்லட் கோஷாக்குக்குப் பாதுகாப்பு தேவையில்லை என்று 1995இல் அரசு சொன்ன காரணம் சுவையானது: டாங்காஸ் காட்டுக்குப் புதிய திட்டம் வரப்போகிறது, அது பறவையைப் பார்த்துக்கொள்ளும். வரப்போகும் வாக்குறுதியை வைத்து இன்றைய நிலையை எடைபோடக் கூடாது என்று 1996இல் நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. 1997இல் அரசு மறுபடியும் மறுத்தது. கையில் சான்று போதவில்லையே, போய் எண்ணிக்கொண்டு வாருங்கள் என்று 1999இல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டம் கேட்பது கைவசம் உள்ள தரவுகளில் சிறந்ததை. இல்லாத தரவைப் புதிதாகத் தேடிக்கொண்டு வரச் சொல்லவில்லை என்பது அதன் விளக்கம். கேட்பதற்கு அபத்தமாகத் தோன்றலாம். ஆனால், எண்ணி முடிக்கும்வரை காத்திரு என்று விட்டிருந்தால், எண்ண முடியாத எந்த உயிருக்கும் பாதுகாப்பே கிடைத்திருக்காது. அறியாமையைக் காரணம் காட்டி இரு தரப்பும் காலம் கடத்த முடியாதபடி அந்தத் தீர்ப்பு கதவை மூடியது.

அதன்பின் கேள்வி எண்ணிக்கையிலிருந்து நிலப்பரப்புக்கு நகர்ந்தது. ஒரு கிளையினம் மொத்தமாக அழியாவிட்டாலும், அதன் வாழ்பரப்பில் ஒரு முக்கியமான பகுதியில் அழியும் நிலை வந்தாலே சட்டம் செல்லும். வான்கூவர் தீவு அப்படி முக்கியமான பகுதியா என்று பார்க்கச் சொல்லி 2004இல் நீதிமன்றம் கேட்டது. ஆமாம் என்று 2007இல் பதில் வந்தது. முதுகாடு எவ்வளவு போயிருக்கிறது, மிச்சத்தில் எவ்வளவு வெட்டத் திட்டம், எந்த விதி அதைத் தடுக்கும் என்று கணக்குப் பார்த்தார்கள். பறவையை எண்ண முடியாவிட்டாலும் மரத்தை அளக்கலாம் அல்லவா? அலாஸ்காப் பக்கத்துக்குக் காட்டுத் திட்டமும் அதில் ஒதுக்கிய முதுகாட்டுப் பகுதிகளும் போதும் என்றார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணப் பக்கத்துக்குப் போதவில்லை. 2012இல் ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என்ற பட்டியலில் அந்தப் பக்கத்துக் கூட்டம் மட்டும் சேர்ந்தது.

விளைவைப் பாருங்கள்: அமெரிக்கச் சட்டத்தின் காவல் கிடைத்த பறவை முழுக்க முழுக்கக் கனடாவில் இருக்கிறது. அங்கே ஒரு மரத்தை வெட்டாதே என்று சொல்ல அமெரிக்காவுக்கு அதிகாரம் கிடையாது. இறக்குமதி, வாணிபம் போன்றவற்றில் மட்டுமே அந்தச் சட்டத்தின் கை நீளும். காட்டைக் காக்கும் வேலை கனடாவின் சொந்தச் சட்டத்துக்கும் மாகாண விதிகளுக்கும்தான்; அங்கே இப்பறவை ஏற்கெனவே பட்டியலில் இருந்தது.

எல்லைக்கோட்டை வைத்து ஒரு பறவைக்கூட்டத்தைப் பிரிப்பது அறிவியலா என்று கேட்கலாம். அமெரிக்க அரசின் 1996ஆம் ஆண்டு கொள்கை அதை அனுமதிக்கிறது. இரு நாடுகளின் நிர்வாகம் வேறுபட்டால் அந்தக் கோடு செல்லும். மரபணுவோ வேறு கோடு போடுகிறது. ஹைடா க்வாய்ப் பறவைகள்தான் மற்றவற்றிலிருந்து தெளிவாக விலகி நிற்கின்றன என்று அண்மைய மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஹைடா மக்கள் இதைத் தங்கள் தேசியப் பறவையாகவே 2017இல் அறிவித்துவிட்டார்கள். சட்டப் பட்டியலில் இன்றும் இருப்பது 2012இல் போட்ட கோடுதான். அதை மாற்ற யாராவது இன்னொரு மனு போட வேண்டும், அல்லது அரசே மறுஆய்வு செய்து மாற்ற வேண்டும்.