எரிசக்தி அனைவருக்கும்: ஐ.நா.வின் ஏழாவது இலக்கு எதை உறுதியளிக்கிறது?

2015 செப்டம்பர் 25 அன்று ஐ.நா. பொதுச் சபையில் 193 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் ஏழாவது, எரிசக்தியைப் பற்றியது. அதற்கு முன், 2000-ஆம் ஆண்டை ஒட்டி வகுக்கப்பட்ட புத்தாயிரமாண்டு இலக்குகளில் எரிசக்திக்குத் தனி இடம் இருக்கவில்லை. கட்டுப்படியான விலையிலான, நம்பகமான, நவீன எரிசக்திச் சேவைகள் 2030-க்குள் அனைவருக்கும் கிடைக்க வேண்டும்; உலகின் எரிசக்திப் பயன்பாட்டில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு கணிசமாக உயர வேண்டும்; எரிசக்தித் திறன் மேம்படும் வேகம் இரட்டிப்பாக வேண்டும். இலக்கின் மூன்று முதன்மைக் கூறுகள் இவை. இவற்றை நிறைவேற்றப் பன்னாட்டு ஒத்துழைப்பும், வளரும் நாடுகளில், குறிப்பாக மிகவும் பின்தங்கிய நாடுகளிலும் சிறு தீவு நாடுகளிலும், உள்கட்டமைப்பு விரிவாக்கமும் தேவை என்று மேலும் இரண்டு கூறுகள் சொல்கின்றன.

முதல் கூறு இரண்டு அளவீடுகளால் கணக்கிடப்படுகிறது. ஒன்று, மின்சாரம் பெற்றோரின் விகிதம். 2023 நிலவரப்படி உலக மக்களில் 92 சதவீதத்தினருக்கு மின்சாரம் உண்டு. ஏறத்தாழ 66 கோடிப் பேருக்கு இல்லை, அவர்களில் பெரும்பாலோர் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் வாழ்கிறார்கள். இந்த எண்ணிக்கை பெரும்பாலும் வீட்டுக் கணக்கெடுப்புகளிலிருந்து வருகிறது, அங்கே கேட்கப்படுவதோ வீட்டில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதுதான். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வருகிறது, மின்னழுத்தம் எப்படி இருக்கிறது, கட்டணம் கட்ட முடிகிறதா என்பதெல்லாம் அந்த ஒற்றைப் பதிலுக்குள் மறைந்துவிடுகின்றன.

இந்தக் குறையை ஈடுசெய்யும் நோக்கில் உலக வங்கி 2015-இல் ஒரு படிநிலை அளவுகோலை வெளியிட்டது. பூஜ்யம் முதல் ஐந்து வரை செல்லும் அந்த அளவுகோலில், குறைந்தது 3 வாட் திறன், நாளுக்கு 4 மணி நேரம், அதில் மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே ஒரு வீடு முதல் படியை எட்டிவிடும். ஒரு விளக்கு எரியவும் கைப்பேசிக்கு மின்னேற்றவும் அது போதும். ஐந்தாம் படிக்கோ 2,000 வாட்டும் 23 மணி நேர விநியோகமும் தேவை. கட்டுப்படியாகும் விலை என்பதற்கும் அது ஒரு வரையறை தருகிறது: ஆண்டுக்கு 365 யூனிட் மின்சாரத்துக்கான செலவு குடும்ப வருமானத்தில் 5 சதவீதத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். எனினும், இந்த இலக்கின் முன்னேற்றம் பற்றிய ஆண்டறிக்கையில் தலைப்பாக வருவது இந்தப் படிகள் அல்ல, முன்சொன்ன ஒற்றை விகிதமே.

இரண்டாவது அளவீடு சமையல் எரிபொருள். மின்சாரம், சமையல் எரிவாயு, சாண எரிவாயு, சூரிய அடுப்பு போன்றவற்றை உலக சுகாதார நிறுவனம் தூய்மையானவை என்று கொள்கிறது. விறகு, கரி, வறட்டி மட்டுமன்றி மண்ணெண்ணெயும் அந்தப் பட்டியலில் சேராது. சுமார் 210 கோடிப் பேர் இன்னும் தூய்மையற்ற எரிபொருளையே முதன்மையாக நம்பியிருக்கிறார்கள். வீட்டுக்குள் சேரும் புகையால் 2020-இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இங்கும் கணக்கில் ஓர் இடைவெளி உண்டு. முதன்மை எரிபொருள் எது என்று மட்டுமே பார்ப்பதால், எரிவாயு அடுப்போடு விறகடுப்பையும் அன்றாடம் மூட்டுகிற வீடு தூய்மையான சமையல் உள்ள வீடாகவே பதிவாகலாம்.

அதைவிட விந்தையானது இரண்டாம் கூறின் கணக்கு. மரபுவழி விறகுப் பயன்பாடும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாகவே சேர்க்கப்படுவதால், ஒரு வீடு விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறும்போது முதல் கூறில் முன்னேற்றமும் இரண்டாம் கூறில் பின்னடைவும் ஒருசேரப் பதிவாகும். ஆகவே ஒரு நாட்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பங்கு மிக உயர்வாகத் தெரிந்தால், அதில் சூரிய, காற்று, நீர் மின்சாரம் எவ்வளவு, அடுப்பு விறகு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த பிறகே பாராட்டுவது முறை. எரிசக்தித் திறன், ஓர் அலகு பொருளாதார உற்பத்திக்கு எவ்வளவு எரிசக்தி செலவாகிறது என்பதைக் கொண்டு அளக்கப்படுகிறது.

இவற்றை ஒரு தனிமனிதர் உரிமையாகக் கேட்க முடியுமா? ஏழாவது இலக்கு ஓர் அரசியல் உறுதிமொழி. பொதுச் சபைத் தீர்மானம் என்ற அளவில் அது நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது, அதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் மின் இணைப்பு கோரவும் இயலாது. ஆனால் எரிசக்தியைத் தொடும் சட்டப் பிணைப்புகள் வேறிடத்தில் உள்ளன. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1979-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, ஊரகப் பெண்களுக்குப் போதிய வாழ்க்கை வசதிகள் கிடைக்க வேண்டும் என்று சொல்லி, அவற்றுள் மின்சாரத்தைப் பெயர் குறித்தே சேர்க்கிறது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 1991-இல் அளித்த விளக்கத்தில், போதிய வீட்டுவசதிக்கான உரிமைக்குள் சமையலுக்கும் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் வேண்டிய எரிசக்தியும் அடங்கும் என்று கூறியது. இந்த உடன்படிக்கைகளில் சேர்ந்த நாடுகள், அவற்றை எப்படிச் செயல்படுத்துகின்றன என்று அந்தந்தக் குழுக்களுக்கு அவ்வப்போது அறிக்கை அளிக்கக் கடமைப்பட்டவை.

ஏழாவது இலக்குக்கோ, ஐ.நா.வின் உயர்மட்ட அரசியல் மன்றத்தில் நாடுகள் தாமாக முன்வந்து அளிக்கும் ஆய்வறிக்கைகளே உள்ளன. அங்கே இந்த இலக்கு 2018-இலும் 2023-இலும் விரிவாக ஆராயப்பட்டது. தவறிய நாட்டுக்குத் தண்டனை எதுவும் இல்லை.