இலையை விட்ட மரமே பூக்கும்: மதுரையின் பங்குனி, சித்திரைக் கணக்கு

பூ பார்க்கப் போகலாம் என்றால் மதுரைக்காரர்கள் கொடைக்கானலுக்குத்தான் வண்டி ஏறுவார்கள். மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி. அங்கே பாத்திகளில் சிரிப்பவை பெரும்பாலும் நாற்று விட்டு நட்ட பருவச் செடிகள். கண்காட்சித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, சில மாதங்களுக்கு முன்பே நடவைத் தொடங்கிவிடுவார்கள். பூக்கும் நாளைக் குறிப்பவர் தோட்டக்காரர்.

கீழே மதுரையின் தல்லாகுளத்திலும் தமுக்கத்திலும் அழகர்கோவில் சாலையிலும் நாள் குறிப்பது தண்ணீர். அதுவும் தண்ணீர் குறைவதுதான்.

குளிர் நாடுகளில் பனி விலகி வெயில் ஏறுவதும் பகல் நீள்வதும் வசந்தத்துக்கான அழைப்பு. மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் சுமார் 70 நிமிடங்கள்தான். உறைபனியும் கிடையாது. மழையில் பெரும்பங்கு ஆகஸ்ட் முதல் டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். மாசி பிறக்கும்போது மேல்மண் காய்ந்து கிடக்கும். பயிர் வாடும் அந்த நேரத்தில்தான் வேம்பும் புங்கமும் கொன்றையும் பூக்கத் தயாராகின்றன.

காரணம் மரத்துக்குள் இருக்கிறது. மொட்டு பெரிதாக வேண்டுமானால் அதன் செல்களுக்குள் நீர் புகுந்து சுவரை உள்ளிருந்து அழுத்த வேண்டும். கோடை தொடங்கும்போது அதற்கு வழியில்லை. இலைகள் ஆவியாக விடும் நீரின் இழுப்பில் மரத்தின் நீர்க்குழாய்கள் இறுகிக் கிடக்கின்றன. முதிர்ந்த இலைகளில் இலைத்துளைகள் சரியாக மூடாது, கசிந்துகொண்டே இருக்கும். மரம் அந்த இலைகளைக் கழற்றிவிடுகிறது. வெளியேற்றம் நின்றதும், ஆழத்து வேர்கள் மெதுவாக ஏற்றும் நீர் அடிமரத்திலும் கிளைகளிலும் தங்கத் தொடங்குகிறது. கிளை நுனிவரை நீர் நிறைந்ததும் மொட்டு உப்புகிறது. ஒரு சொட்டு மழை வேண்டியதில்லை. கோஸ்டா ரிக்காவின் வறண்ட காடுகளில் மரங்களின் நீர் இருப்பை அளந்து தாவரவியலாளர் ரோல்ஃப் போர்ச்சர்ட் 1994இல் விளக்கியது இதைத்தான். நம் ஊர் மரங்களுக்கும் இது பொருந்துகிறது.

எல்லா மரமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. இலவம் போன்ற மென்கட்டை மரங்கள் தண்டிலேயே நிறைய நீரைச் சேமித்து வைப்பதால், தை, மாசியிலேயே இலையின்றிப் பூத்துவிடும். புங்கம் ஆழ வேரை நம்புகிறது. பழைய இலை விழுந்த கையோடு பளபளக்கும் தளிரும், பின்னாலேயே வெளிர் ஊதாப் பூவும் வந்துவிடும். கண்மாய்க் கரையில் நிற்கும் மரம் மொட்டையாக நிற்பது கொஞ்ச நாள்தான். அழகர்மலையின் பாறைச் சரிவில் நிற்பது நெடுநாள் மொட்டையாக இருக்கும். இந்த வரிசையில் சேராத ஒன்று, மதுரைக்குக் கடம்பவனம் என்று பெயர் தந்த கடம்பு. அது மழைக்கால மரம். சித்திரையில் கடம்பம்பூ தேடினால் ஏமாற்றம்தான்.

கொன்றையைப் பார்க்க அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரா பௌர்ணமியை ஒட்டிய வாரங்கள் தோது. சாலையோரம் மஞ்சளாகத் தெரிவதெல்லாம் கொன்றை என்று நினைத்துவிட வேண்டாம். பாதி பெருங்கொன்றை, அதாவது இயல்வாகை. அதன் கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும், காய் தட்டையாகத் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். சரக்கொன்றையின் கொத்து ஏறத்தாழ ஓரடி நீளத்துக்குக் கீழே தொங்கும். பக்கத்திலேயே கருப்பாக, உருளையாக நீளக் காய்களும் ஆடும். அவை போன ஆண்டுப் பூக்களில் பிடித்தவை. முதிர ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது.

காலை ஏழு மணி வாக்கில் போனால் கருவண்டுகளைப் பார்க்கலாம். அடியில் விழுந்த புதுப்பூ ஒன்றை எடுத்து மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். பத்து இருக்கும், ஆனால் மூன்று விதம். மூன்று மட்டும் நீளமாக, கொக்கிபோல் வளைந்து வெளியே நீட்டியிருக்கும். நடுவில் நான்கு குட்டை. மிச்சம் மூன்று பெயருக்குத்தான், வளர்ச்சி நின்றவை. இந்தப் பூவில் தேன் கிடையாது. வண்டுக்குத் தீனி நடுவிலுள்ள நான்கின் மகரந்தம். அதுவும் சிறு துளை வழியாகத்தான் வரும் என்பதால், வண்டு பூவைக் கவ்விக்கொண்டு சிறகை அடிக்காமலே நெஞ்சுத் தசையை அதிரவைத்து உதிர்க்கிறது. அப்போது ரீங்காரத்தின் சுருதி சட்டென்று ஏறுவது காதில் விழும். அதே அதிர்வில் நீண்ட தாள்களின் மகரந்தம் வண்டின் கால் எளிதில் எட்டாத இடத்தில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. தின்ன ஒரு மகரந்தம், இனம்பெருக்க வேறொன்று. தென்னமெரிக்காவிலிருந்து வந்து சிவன் கோயில்களில் இடம்பிடித்த நாகலிங்கமும் இந்தப் பங்கீட்டையே செய்கிறது. பக்தர்கள் நாகப்படமாகக் காணும் மேல்மூடியில் இருப்பது வண்டுக்கான தீனி. விதை பிடிக்க வைக்கும் மகரந்தம் அடியிலுள்ள வட்டத்தில், லிங்கத்தைச் சுற்றி இருக்கிறது. நாகலிங்கப் பூ ஒரு நாளைக்கு மேல் நிற்காது. அதனால் அதற்கும் காலை நேரமே சரி.

சில ஆண்டு மரம் பூக்காமல் ஏமாற்றும். மனிதர் செய்யும் தவறில் முதலாவது, வேளை தெரியாத கிளை வெட்டு. கொன்றையின் பூங்கொத்து முந்தைய ஆண்டு வளர்ந்த கிளைகளில்தான் வரும். மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று மாசியில் கழித்தால் அந்த ஆண்டுப் பூவும் குப்பை வண்டியில் ஏறிவிடும். பூ முடிந்த பிறகு கழிப்பதே முறை. இரண்டாவது, பூங்காப் புல்தரைக்குத் தினமும் விடும் தண்ணீர். பக்கத்து மரம் வறட்சியையே உணராமல் இலையோடு நின்று, பூவை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காட்டும். மூன்றாவது நம் கையில் இல்லாத பருவம் தப்பிய மழை. நத்தம் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்கு இதன் வலி தெரியும். மாம்பூ விரிந்திருக்கும்போது மழையோ மூடுபனியோ வந்தால் பூங்கொத்தில் பூஞ்சை பிடித்துக் கருகிக் கொட்டிவிடும்.

வறட்சியைக் கையாளும் இந்த வித்தையை மல்லிகை விவசாயிகள் தொழிலாகவே செய்கிறார்கள். நவம்பர் கடைசியில் நீரைக் குறைத்து, செடியைத் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்து, உரமிட்டுத் தண்ணீர் விடுவார்கள். மல்லிகை மொட்டு புதுத்தளிரின் நுனியில்தான் கட்டும் என்பதால், மார்ச் முதல் பூ வரத்து ஏறும்.

வீட்டு மாடியில் காகிதப்பூத் தொட்டி இருந்தால் இதையே சிறிய அளவில் செய்து பார்க்கலாம். தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். அது இலையைத்தான் கொழுக்க வைக்கும். தண்ணீரையும் நிறுத்தி, இலை லேசாகத் தொங்கும்வரை விடுங்கள். தொங்கியதும் தொட்டியின் அடித்துளையில் வடியும் அளவு ஒரே தடவை நன்றாக ஊற்றுங்கள். அடுத்த தொங்கலுக்குக் காத்திருங்கள். இப்படிச் சில சுற்று முடிந்தால் நுனிகளில் நிறம் தெரியும். இலை மொரமொரவென்று காயும்வரை விட்டால் மட்டும் நுனி மொட்டும் சேர்ந்து கருகிவிடும். வெயில் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் விழாத மாடியில் இது பலிக்காது.