ரெசிலியன்ஸ்: தாங்குவதா, மீள்வதா?

மென்பொருள் ஊழியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்று மெய்ப்புப் பார்க்க வந்தது. ‘ரெசிலியன்ஸ்’ (அடி விழுந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பும் இயல்பு) வரும் இடமெல்லாம் ‘தாங்குதிறன்’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். முதல் பக்கத்தில் விட்டுவிட்டேன். ஏழாவது தடவை வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

லத்தீனில் ‘ரெசிலீரே’ என்றால் துள்ளித் திரும்புதல். பொருள்களின் பண்பாகப் பேசப்பட்டு, பிறகு உளவியலுக்கு வந்த சொல். நிர்வாகவியல் அறிஞர் ஃப்ரெட் லூதன்ஸ் முதலானோர் ‘உளவியல் மூலதனம்’, அதாவது வேலையில் கைகொடுக்கும் மனவளம், என்று எண்ணும் நான்கில் இது ஒன்று. (மற்ற மூன்றில் ஹோப், ஆப்டிமிசம் இரண்டுக்குமே ‘நம்பிக்கை’ என்று போட்டிருந்தார்கள். அது தனிக் கதை.)

தாங்குதிறனில் என்ன குறை? அது சுமை ஏற்றுகிறவரின் சொல். பாலம் எத்தனை டன் தாங்கும் என்று கேட்கலாம். நள்ளிரவில் சர்வர் விழுந்து, விடியும்வரை சரிசெய்துவிட்டு, காலை 9 மணிக் கூட்டத்திலும் உட்கார்ந்திருப்பவரிடம் இருப்பது தாங்குதிறன். ரெசிலியன்ஸ் அதற்கு அப்புறம் தெரிவது: தூங்கி எழுந்து, அடுத்த முறை போன் அடிக்கும்போது நெஞ்சு படபடக்காமல் எடுக்கிறாரே, அது. நோயிலிருந்து மீண்டார், கடனிலிருந்து மீண்டார் என்கிறோம். நோயைத் தாங்கிக்கொண்டே இருப்பவரை மீண்டவர் என்போமா?

மீள்திறன் என்பதே சரி. இயற்பியல் பாடத்தில் படித்த ‘மீட்சி’ இதன் உடன்பிறப்பு. எடை தொங்கும் கம்பி நீளும். மீட்சி எல்லையைத் தாண்டாதவரை, எடையை எடுத்ததும் பழைய நீளத்துக்கு வரும். எடையை எடுத்ததும்! தாங்குதிறன் பயிற்சி நடத்துகிறவர்கள் மறக்கும் பாதி அதுதான்.

சிலர் ‘நெகிழ்திறன்’ என்கிறார்கள். வளைந்துகொடுப்பதற்கு அது பொருந்தும், திரும்பி வருவதற்குப் பொருந்தாது. பிளாஸ்டிக்குக்கு ‘நெகிழி’ என்று பெயர் வைத்ததே, நெகிழ்ந்து வளைந்துகொடுக்கும் என்பதால்தானே?

இதைவிடப் பெரிய எரிச்சல் ‘மன அழுத்தம்’. ஸ்ட்ரெஸுக்கும் அதுதான், டிப்ரெஷனுக்கும் அதுதான். அதே கையேட்டில், ஒரு பக்கத்தில் மன அழுத்தத்துக்கு மூச்சுப் பயிற்சி போதும். அடுத்த பக்கத்தில் அதே மன அழுத்தத்துக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். படிப்பவர் எந்தப் பக்கத்தை நம்புவார்? முதலாவதை ‘பணி நெருக்கடி’ என்றும் இரண்டாவதை ‘மனச்சோர்வு’ என்றும் திருத்தி அனுப்பினேன்.

திருத்தங்களை ஏற்றுக்கொண்டார்கள். அட்டையில் மட்டும் ‘தாங்குதிறன்’ இருக்கும், அது ஏற்கெனவே அச்சாகிவிட்டதாம்.