மேகசின்: கிடங்கில் பிறந்து நாழிக்குள் அடங்கும் சொல்

மன்னார்குடியில் இருக்கும் நண்பர் ஒருவர், களிமண் தட்டுகளைச் சுடும் போட்டிகளில் ஆர்வம் கொண்டவர், ஓர் அரைத் தானியங்கித் துப்பாக்கியின் விவரப் பக்கத்தைக் கணினி தமிழாக்கித் தந்தபடியே எனக்கு அனுப்பி, “இதில் ஒரு வரி மட்டும் புரியவில்லை, பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தார். அந்த வரி “பத்திரிகைத் திறன்: 4+1” என்று இருந்தது. வாரப் பத்திரிகைக்கும் தோட்டா வைக்கும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் மேகசின் என்ற ஒரே சொல் வழங்குவதால் நேர்ந்த பிழை அது. சிரித்துவிட்டு விட்டிருக்கலாம், ஆனால் திருத்தி எழுத உட்கார்ந்தபோது, அந்த இடத்தில் வைக்கத் தக்க தமிழ்ச்சொல் எது என்று எனக்கும் உடனே சொல்ல வரவில்லை.

மேகசின் என்பதன் வேர் அரபு மொழியில் இருக்கிறது. ‘கஸன’ என்றால் சேமித்து வைத்தல். சேமித்து வைக்கும் இடம் ‘மக்ஸன்’. அதன் பன்மை ‘மகாஸின்’. மத்தியதரைக் கடல் வணிகத்தோடு இச்சொல் இத்தாலிக்குள் போய், பிரெஞ்சு மொழி வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. அதே அரபு வேரிலிருந்து கிளைத்த இன்னொரு சொல், பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியாக, ஆங்கிலத்தின் துணையே இல்லாமல் தமிழுக்குள் வந்து நிலைத்துவிட்டது. அதுதான் கஜானா. அரசாங்கப் பணம் இருக்கும் இடமும் துப்பாக்கியில் தோட்டா இருக்கும் இடமும் சொல்லளவில் உடன்பிறந்தவை என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

காவிரிப் படுகையின் கடற்கரைக்கு இச்சொல் புதியதும் அன்று. நாகப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்திருந்த போர்த்துக்கீசியர் அதை ‘அர்மஸேம்’ என்றனர். அந்தச் சொல்லின் முன்பகுதியில் அரபு மொழியின் ‘அல்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1658இல் அவர்களை வெளியேற்றிய டச்சுக்காரர்களுக்கு அது ‘மகஸைன்’. 1620 முதல் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்களுக்கும், 1739இல் காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஏறக்குறைய அதே சொல்தான். பிரெஞ்சில் அது நாளடைவில் கடை என்னும் பொருளுக்கு இறங்கிவிட்டது. இப்படி நான்கு நாட்டார் ஒரே கரையில் ஒரே சொல்லைப் புழங்கியும், நம் மக்கள் வாயில் அது ஒட்டவில்லை. காரணத்தை ஊகிக்கலாம்: பண்டம் சேர்த்து வைக்கும் இடத்துக்குப் பெயரே இல்லாத ஊராக இருந்தால் அல்லவா கடன் வாங்க வேண்டும்? இங்கே கிடங்கு, களஞ்சியம், கொட்டாரம், பத்தாயம், குதிர், சேர், தொம்பை என்று அளவுக்கும் செய்பொருளுக்கும் ஏற்ப ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருந்தது. கிடங்கு என்ற நம் சொல்லே மலாய் மொழி வழியாக ஆங்கிலத்தின் ‘கோடவுன்’ ஆயிற்று என்று கருதுவோரும் உண்டு. பின்னர் அந்தக் கோடவுனையே குடோன் என்று நாம் திரும்ப வாங்கிக்கொண்டது தனிக்கதை.

ஆங்கிலத்தில் மேகசின் முதலில் பொதுவான பண்டகசாலையையும், பிறகு சிறப்பாகக் கோட்டைக்குள் வெடிமருந்து வைக்கும் கட்டடத்தையும் குறித்தது. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் பலவகைச் செய்திகளையும் ஓரிடத்தில் சேர்த்துத் தரும் இதழ் ஒன்றைத் தொடங்கி, அதன் பெயரில் இச்சொல்லைச் சேர்த்தார். இதழுக்கு அப்பெயர் அங்கிருந்து வந்தது. செய்தியின் கிடங்கு என்பதே அதன் கருத்து. தமிழிலும் இதே உருவகம் தானாகத் தோன்றியிருக்கிறது: பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954இல் தொடங்கி வெளியிட்ட தொகுதிகளுக்குக் கலைக்களஞ்சியம் என்றுதானே பெயர் வைத்தார்கள். மருந்துக் கிடங்கு என்ற பொருளோ மறுபுறமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. தோட்டாவை ஒவ்வொன்றாக இடாமல் பலவற்றைத் துப்பாக்கிக்குள்ளேயே சேர்த்து வைக்கும் முறை பரவிய 19ஆம் நூற்றாண்டில், கோட்டையின் கிடங்குப் பெயர் துப்பாக்கியின் உறுப்புக்கு ஏறியது.

அந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் பெயர் வைத்தால் பெயர் பொருந்தாது. நண்பர் அனுப்பிய பக்கம் ஷாட்கன் வகையைப் பற்றியது; தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகப் பல ரவைகளை வைத்துச் சுடும் துப்பாக்கி அது. பெரும்பாலும் இது 12 போர் அளவில் வரும். இந்தப் போர் யுத்தமும் அல்ல, வைக்கோற்போரும் அல்ல. நம் வயலில் பம்புசெட்டுக்குப் போடுகிறோமே, அந்த ஆங்கிலப் போர்தான், குழலின் துளையைக் குறிப்பது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றில் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு துளை. அரைத் தானியங்கி வகையில், ஒரு முறை சுட்டவுடன் அந்த வெடிப்பின் உந்துதலே வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை அறைக்குள், அதாவது தோட்டா வெடிக்கும் இடத்துக்குள், ஏற்றிவிடும். ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் விரலால் விசையைத் தனித்தனியே அழுத்தித்தான் ஆக வேண்டும் என்பதால் ‘அரை’ என்ற அடை.

அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் இடம், இவ்வகைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும், சுடுகுழலுக்கு அடியில் அதற்கு இணையாக ஓடும் இன்னொரு குழல். அதன் முன்முனை மூடியிருக்கும். உள்ளே ஒரு சுருள்வில் இருக்கும். பின்வாய் வழியாகத் தோட்டாவை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளும்போது வில் சுருங்கும், சுடும்போது அது விரிந்து தோட்டாவைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுக்கும். அமெரிக்கரான ஜான் பிரௌனிங் 1898இல் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை உற்பத்தி செய்த ஆட்டோ-5 இந்த அமைப்பைப் பரவச் செய்தது. பெயரில் உள்ள 5, அடிக்குழலில் நான்கும் அறையில் ஒன்றும் சேர்ந்த கணக்கு.

என் நண்பரின் ‘4+1’உம் அதுவே. கூட்டல் குறிக்கு இடப்புறம் இருப்பதுதான் மேகசின் கொள்ளளவு. வலப்புறத்து ஒன்று அறையைச் சேர்ந்தது. விற்பனைப் பக்கங்கள் இரண்டையும் கூட்டி ஐந்து என்று எழுதிவிடுவதும் உண்டு. எது எந்தக் கணக்கு என்று கேட்டுத் தெளிவது வாங்குபவர் பொறுப்பு. இன்னொரு சிக்கல் தோட்டாவின் நீளம். 12 போர் தோட்டா 70 மில்லிமீட்டர், 76 மில்லிமீட்டர் என்று வருகிறது. குட்டைத் தோட்டாவில் ஐந்து கொள்ளும் குழல், நெட்டைத் தோட்டாவில் நான்கோடு நின்றுவிடலாம். போதாக்குறைக்கு, அந்த 70 என்பது சுட்டபின் வாய்மடிப்பு விரிந்த நிலையின் நீளம். சுடுமுன் குழலில் கிடக்கும்போது தோட்டா அதைவிடக் குட்டையானது. மரக்காலைத் தலை தட்டி அளந்தார்களா, கும்பாச்சியாக அளந்தார்களா என்று களத்துமேட்டில் எழும் அதே வழக்குதான் இங்கும்.

எத்தனை கொள்ளும் குழலைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பயன்பாடும் சட்டமும் சேர்ந்து விடை சொல்கின்றன. ட்ராப், ஸ்கீட் போன்ற தட்டுச் சுடுதலில் ஒரு நேரத்தில் இரண்டு தோட்டாவுக்கு மேல் இட வேண்டிய தேவையே இல்லை. ஆகவே அங்கே பெரிய கொள்ளளவுக்குப் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. தோட்டா ஒன்று ஏறத்தாழ 40 முதல் 50 கிராம் எடை. நான்கு கூடினால் துப்பாக்கியின் முன்கனம் கையில் உறைக்கும், பறக்கும் தட்டோடு துப்பாக்கியைத் திருப்புவது மந்தமாகும். அமெரிக்காவில் வலசைப் பறவை வேட்டைக்கு 1935 முதல் மூன்று தோட்டா வரம்பு இருப்பதால், அடிக்குழலுக்குள் ஒரு கட்டையைச் செருகி இரண்டுக்கு மேல் போகாதபடி அடைத்துவிடுகிறார்கள். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, சாதாரண ஷாட்கன் சான்றிதழில் வைத்திருக்க வேண்டுமானால் மேகசின் கழற்ற முடியாததாகவும் இரண்டுக்கு மேல் கொள்ளாததாகவும் இருக்க வேண்டும். இந்த நாடுகளில் எல்லாம் கொள்ளளவு, வாங்குபவரின் விருப்பம் என்பதைவிடச் சட்டத்தின் அளவுகோல் என்று சொல்வதே பொருந்தும்.

நம் பக்கத்து நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கென்று பேசும்போது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. அதில் மேகசினுக்கு இடமே கிடையாது. பழைய மிராசுதார் வீடுகளில் இருந்தது பெரும்பாலும் இரட்டைக்குழல். குழலுக்கு ஒன்றாக இரண்டு தோட்டா, அதோடு சரி. கோடிக்கரைக்கு வரும் பறவைகளைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆயுத விதிகளோ அரைத் தானியங்கிகளைத் தனி வகையாகப் பிரித்தே நிறுத்துகின்றன. எனவே இச்சொல் நமக்கு அதிகமாகத் தேவைப்படுவது விளையாட்டுச் செய்தியிலும் மொழிபெயர்ப்பிலும்தான்.

தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். கிடங்கு என்றால் பொருள் வழுவாது. ஆனால் ஆள் உள்ளே நுழைந்து நடமாடும் இடத்தின் பெயரைக் கைப்பிடிக்குள் அடங்கும் குழலுக்கு வைப்பது காதுக்கு ஒவ்வவில்லை. அச்சொல்லுக்குப் பழந்தமிழில் அகழி என்ற பொருளும் உண்டு. களஞ்சியம் அதைவிடப் பெரிது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியத்தைப் பார்த்தவர்களுக்கு, மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் அந்த உருவமே அச்சொல்லோடு கண்முன் வரும். குதிர் வடிவத்தால் நெருங்கி வருகிறது. ஆனால் இயக்கத்தால் விலகிவிடுகிறது. குதிரில் மேல்வாயில் கொட்டி, அடியிலுள்ள துளை வழியே எடுக்கிறோம். முதலில் போட்ட நெல் முதலில் வரும். அடிக்குழலுக்கோ வாய் ஒன்றே. கடைசியாகத் தள்ளிய தோட்டாதான் முதலில் வெளியேறும். தோட்டாக் குழல் என்று விட்டுவிடலாமே என்றால், சுடுகுழல், இரட்டைக்குழல் என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேறு உறுப்புக்குப் பட்டா போடப்பட்டிருக்கிறது.

அம்பு வைக்கும் கூட்டுக்குத் தமிழில் ஆவநாழி என்று பெயர். நாழி என்பது உட்டுளை உள்ள குழல், அதுவே முகத்தலளவையும். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று சோழர் கல்வெட்டுகள் நெல்லளந்த வாய்பாட்டின் அடிப்படை அதுதான். அம்பறாத்தூணி என்பதிலுள்ள தூணியும், நான்கு குறுணியைக் குறிக்கும் தூணியும் ஓசையால் ஒன்றாக இருந்தாலும், முன்னது வடமொழி உறவுடையது. அந்தப் பொருத்தம் தற்செயல். நாழியில் அப்படியன்று: குழல்தான் அளவையாயிற்று. எய்வதற்குரியதை வரிசையாக வைத்திருக்கும் குழல் என்பதாலும், இவ்வளவுதான் கொள்ளும் என்ற வரையறை அதன் பெயரிலேயே இருப்பதாலும், தோட்டாநாழி என்ற சொல்லை நான் முன்மொழிகிறேன். எவ்வளவு அழுத்தினாலும் நாழி முகவாது நானாழி என்பது பழமொழி. குழலின் சுருள்வில் முழுதும் சுருங்கிய பின் ஐந்தாவது தோட்டாவைத் தள்ளிப் பார்த்தவருக்கு இதன் பொருள் விளக்க வேண்டியதில்லை. தோட்டா என்ற சொல் உருதுவிலிருந்து வந்ததாயிற்றே என்று தூய்மை பேசுவோருக்கு, துப்பாக்கி மட்டும் எங்கிருந்து வந்ததாம் என்று கேட்க வேண்டியிருக்கும்.

கழற்றி மாட்டும் பெட்டி வடிவ மேகசின்களுக்கு இது பொருந்தாது. அவற்றைத் தோட்டாப் பெட்டி என்பதே நேர். கொள்ளளவு என்ற சொல்லில் மாற்றம் தேவையில்லை. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., இன்றைய இருப்பு இவ்வளவு என்று நாள்தோறும் செய்தித்தாளில் படித்துப் பழகிய படுகைக்காரனுக்கு, கொள்ளக்கூடியது வேறு, இப்போது உள்ளே இருப்பது வேறு என்ற பிரிவு தெரிந்ததே. ஆகவே நண்பருக்கு அந்த வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: “தோட்டாநாழியின் கொள்ளளவு 4, அறையில் 1.” பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “சரி, அந்த நாலு என்பது எழுபதா, எழுபத்தாறா?”