ஐந்து குரல் கொண்ட சில்லு

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை செல்லும் சாலையோரத்தில், 1990களின் நடுவில், மணிக்கணக்கு வாடகைக்கு டிவி கேம் விளையாட விடும் கடைகள் சில இருந்தன. வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவர் விடுமுறையில் கொண்டுவந்த கருவி, ஒரு பழைய வண்ணத் தொலைக்காட்சி, சுவரை ஒட்டி இரண்டு பெஞ்சுகள், இவ்வளவுதான் கடை. கையில் காசு இருந்த பிள்ளைகள் உள்ளே விளையாட, இல்லாத நாங்கள் வாசலில் நின்று காதாலேயே விளையாடினோம். உள்ளே இருப்பவன் எந்தக் கட்டத்தைத் தாண்டுகிறான் என்பதை இசையே சொல்லிவிடும். பல ஆண்டுகள் கழித்து, அதே விளையாட்டின் ஜப்பானிய மூலப் பதிவைக் கைபேசியில் கேட்டபோது, யாரோ அதை வேகப்படுத்திப் பதிவேற்றியிருக்கிறார்கள் என்றே எண்ணினேன். உண்மை நேர்மாறானது. நாங்கள் கேட்டதுதான் மெதுவாக்கப்பட்ட இசை. அது ஏன் மெதுவாயிற்று என்பதை விளக்க வேண்டுமானால், அந்தக் கருவிக்குள் இருந்த சில்லு (சிப்) எவ்வாறு பாடியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்னும் கருவியை 1983இல் ஜப்பானில் வெளியிட்டது. எங்கள் கடைகளில் இருந்தவை அதன் நகல்கள். சூப்பர் மரியோ பிரதர்ஸ் (1985) விளையாட்டின் படங்கள், நிரல், இசை எல்லாம் சேர்ந்து 40 கிலோபைட்டுகளுக்குள் அடங்கின. நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் பதிந்த ஒரு எம்பி3 பாட்டில் அந்த 40 கிலோபைட் இரண்டரை நொடிக்குத்தான் வரும். அப்படியானால் அந்தக் கேசட்டுக்குள் (கார்ட்ரிட்ஜை நாங்கள் கேசட் என்றே அழைத்தோம்) பதிவு செய்த இசை இருந்திருக்க முடியாது. இருந்தவை குறிப்புகள் மட்டுமே: இன்ன குரல், இன்ன சுருதியில், இவ்வளவு சத்தத்தில், இவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்ற எண்கள். வில்லுப்பாட்டை நடத்தும் அண்ணாவியின் ஏட்டில் இருப்பது பாட்டின் சொற்களும் மெட்டின் குறிப்பும்தான். பாட்டு, கோயில் கொடைவிழா நடக்கும் இரவில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாடப்படுகிறது. ஃபேமிகாமும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே பாடியது.

பாடுவதற்கு அதனிடம் ஐந்து குரல்கள் இருந்தன. குமரி மாவட்டத்துக்காரனுக்கு இந்த எண் உடனே வில்லுப்பாட்டை நினைவூட்டும். வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை என ஐந்து கருவிகளை வைத்துக்கொண்டு விடியும்வரை ஒரு கதையை நடத்திச் செல்லும் குழுவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்க விரும்பவில்லை. ஆனாலும், சில்லின் குரல்களும் தமக்குள் வேலையைப் பிரித்துக்கொள்வதில் அக்குழுவைப் போன்றவையே. இரண்டு துடிப்பலைக் குரல்கள் மெட்டையும் துணை மெட்டையும் பாடும். முக்கோண அலைக் குரல் கீழ்ச்சுருதியைத் தாங்கும். இரைச்சல் குரல் தாளத்தைக் கவனிக்கும். ஐந்தாவது குரல், மிகச் சிறிய ஒலித் துண்டுகளைப் பதிவிலிருந்து ஒலிப்பது. இடத்தை அதிகம் தின்னும் என்பதால் பெரும்பாலும் மேளச் சத்தங்களுக்கே பயன்பட்டது.

துடிப்பலை என்பது மின்னழுத்தம் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குச் சட்டெனத் தாவி, அங்கே சற்று நின்று, மறுபடி பழைய நிலைக்குத் தாவுவது. ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு நேரம் மேலே நிற்கிறது என்பதை மாற்றினால் குரலின் நிறம் மாறும். ஃபேமிகாம் அதற்கு 12.5, 25, 50, 75 விழுக்காடு என நான்கு தெரிவுகளைத் தந்தது. கடைசியது இரண்டாவதன் தலைகீழ் வடிவமே என்பதால், காதுக்கு மூன்றுதான். நிறம் ஏன் மாறுகிறது? எந்த இசையொலியிலும் அடிப்படை அதிர்வோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகள் கலந்திருக்கும். இவற்றைச் சீரிசைகள் என்பர். சதுர அலை எனப்படும் 50 விழுக்காட்டு அலையில் இரட்டைப்படைச் சீரிசைகள் முற்றிலும் இல்லாமல் போகின்றன. மிஞ்சுவது உள்ளீடற்ற, மரத்துப்போன ஒரு குரல். நாக்கு பொருத்திய உருளைக் குழலான மகுடியிலும் ஒற்றைப்படைச் சீரிசைகளே ஓங்கி நிற்கும் என்பதால், அந்தச் சதுர அலையைக் கேட்கும்போது பாம்பாட்டியின் நினைவு வருவது தற்செயல் அன்று. 25 விழுக்காட்டில் நான்கின் மடங்குகள் மட்டுமே விடுபடுகின்றன. குரல் நிறைவாகவும் கூர்மையாகவும் கேட்கும். 12.5இல் எட்டின் மடங்குகள் மட்டும் விடுபட, மூக்கால் பாடுவது போன்ற மெல்லிய குரல் கிடைக்கும்.

சுருதியைத் தீர்மானிப்பது வெறும் வகுத்தல் கணக்கு. ஜப்பானியக் கருவியின் கடிகாரம் நொடிக்கு ஏறத்தாழ 17,89,773 முறை துடிக்கும். விளையாட்டு ஓர் எண்ணைக் கொடுக்க, சில்லு அதனோடு ஒன்றைக் கூட்டி, 16ஆல் பெருக்கி, வரும் விடையால் கடிகாரத் துடிப்பை வகுக்கிறது. 253 என்று கொடுத்தால் 440.4 ஹெர்ட்ஸ் கிடைக்கும். இசைக்குழுக்கள் சுருதி சேர்க்கப் பயன்படுத்தும் 440க்கு இது மிக அருகில் உள்ளது. மேலே ஏற ஏற எண்கள் சிறுத்து, இரண்டு எண்களுக்கு இடையிலான தாவல் பெரிதாகிறது. 3,520 ஹெர்ட்ஸ் வேண்டும் இடத்தில் நெருங்கிக் கிடைப்பது ஏறத்தாழ 3,496தான். எனவே மிக உயர்ந்த சுரங்கள் சற்றே சுருதி விலகி ஒலிக்கும். பழைய விளையாட்டு இசைக்கு உரிய அந்த இலேசான கோணல் இதிலிருந்தும் வருகிறது. கீழே போனாலோ, கொடுக்கக்கூடிய மிகப் பெரிய எண் 2,047 என்பதால் துடிப்பலைக் குரல் 54.6 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. முக்கோண அலைக் குரலில் 16க்குப் பதிலாக 32ஆல் பெருக்கப்படுவதால், அதே எண்ணுக்கு அது ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ஆகவே கீழ்ச்சுருதி வேலை அதனிடம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

முக்கோண அலைக்கு ஒரு குறை உண்டு: துடிப்பலைக் குரல்களுக்கு 16 சத்த நிலைகள் இருக்க, இதற்குச் சத்தக் கட்டுப்பாடே கிடையாது. ஒலிக்கும், அல்லது ஒலிக்காது. இசையமைத்தவர்கள் இந்தக் குறையையே கருவியாக்கினார்கள். அந்தக் குரலின் சுருதியை ஒரு நொடியின் சிறு பங்குக்குள் மேலிருந்து கீழே சரியவிட்டால், ‘டும்’ என்று ஒரு மேளச் சத்தம் எழும். வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் மட்டை விழும்போது எழும் ஒலியோடு இதை ஒப்பிட்டுக் கேட்டவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள்.

இரைச்சல் குரல் எனக்கு மிகவும் பிடித்தது. எதையும் தற்செயலாகச் செய்யத் தெரியாத இயந்திரம், தற்செயல் போன்ற ஒலியை உண்டாக்கும் முறை அதில் உள்ளது. 15 நாணயங்களை வரிசையாக வைத்து, அவற்றில் ஒன்றிலாவது தலை மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வலக்கோடியில் உள்ள இரண்டும் வேறுபட்டிருந்தால் தலையும், ஒன்றுபோல் இருந்தால் பூவும் வருமாறு ஒரு புதிய நாணயத்தை இடக்கோடியில் வைத்து, வலக்கோடி நாணயத்தை எடுத்துவிடுங்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்தால், வரிசை 32,767 அடிகளுக்குப் பிறகே தொடங்கிய நிலைக்குத் திரும்பும். வெளியே வரும் நாணயங்கள் தலையா பூவா என்பதை ஒலியாக்கினால் ‘ஷ்ஷ்’ என்ற இரைச்சல் கிடைக்கும். மிகக் குறுகிய நேரம் மட்டும் அதைத் திறந்து மூடினால் ஜால்ராத் தட்டு. இன்னொரு முறையில் சுற்று 93 அடிகளாகச் சுருங்கிவிடுவதால், காது அந்த மறுநிகழ்வைக் கண்டுபிடித்து அதை உலோகத் தகடு அதிரும் ஒலியாக உணர்கிறது.

இவ்வளவு குறைந்த குரல்களில் மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வது எப்படி? செய்யவில்லை என்பதே விடை. ஒரே குரலை மூன்று சுரங்களுக்கு இடையே நொடியின் அறுபதில் ஒரு பங்குக்கு ஒருமுறை தாவவிட்டார்கள். காது அவற்றை முழுமையாகச் சேர்க்கவும் முடியாமல், முழுமையாகப் பிரிக்கவும் முடியாமல், கொதிக்கும் நீரைப் போன்ற ஓர் ஒலியைக் கேட்கிறது. குறிப்பாக, கொமடோர் 64 கணினியின் மூன்று குரல் சில்லுக்கு (1982) எழுதியவர்கள் இதை ஓர் அழகாகவே வளர்த்தெடுத்தார்கள். எதிரொலி வேண்டுமானால், இரண்டாவது துடிப்பலைக் குரல் அதே மெட்டைச் சற்றுத் தாமதித்துக் குறைந்த சத்தத்தில் பாடும். விளையாட்டில் ஒரு நாணயத்தை எடுத்தால், அந்த ஓசைக்காக ஒரு குரல் இசையைவிட்டு ஒரு கணம் விலகிவிடும். கவனித்துக் கேட்டால் அந்த இடத்தில் இசை மெலிவது தெரியும். இசை முடிவதற்கும் இடமில்லை. விளையாடுபவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்று எவருக்கும் தெரியாதாகையால், மெட்டின் கடைசி அடி அதன் முதலடிக்குள் நுழையும்படி கட்டப்பட்டது. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் நான்கே சுரங்கள் இறங்கு வரிசையில் சுழன்றன. எதிரிகள் குறையக் குறைய அவற்றின் வேகம் கூடியது. சாமியாடி ஆட்டம் கொள்ளும் நேரத்தில் உடுக்கையின் வேகம் கூடும்போது உடலுக்குள் நிகழ்வதும் இதுதான்.

இப்போது கடை வாசலுக்குத் திரும்பலாம். ஃபேமிகாம் இசையின் நடை, திரை புதுப்பிக்கப்படும் தாளத்தோடு கட்டப்பட்டது: ஒவ்வொரு படம் மாறும்போதும் நிரல் ஒருமுறை விழித்து, அடுத்த குறிப்பைப் படிக்கும். ஜப்பானியத் தொலைக்காட்சியில் அது நொடிக்கு 60 முறை. இந்தியா பின்பற்றிய பால் முறையில் (கறக்கும் பால் அன்று, வண்ண ஒளிபரப்பு முறையின் பெயர்) நொடிக்கு 50 முறை. நிரலைத் திருத்தாமல் அப்படியே ஓட்டினால், ஒரு நிமிட இசைக்கு 72 நொடிகள் ஆகும். நின்டெண்டோவே ஐரோப்பாவுக்குச் செய்த கருவியில் கடிகாரமும் மெதுவாக இருந்ததால், திருத்தாத இசை அரைச்சுரத்துக்கும் சற்று மேலாகச் சுருதியிலும் இறங்கிவிடும். ஆனால் பால் நாடுகளுக்கெனத் தயாரான நகல் கருவிகள் பலவற்றின் கடிகாரம் 17,73,448 துடிப்புகள் கொண்டது, 440.4 ஹெர்ட்ஸ் 436.4 ஆகும், அவ்வளவே. நடை தளர்ந்தது, சுருதி ஏறத்தாழ அப்படியே நின்றது. அதோடு, நகல் சில்லுகள் பலவற்றில் 25, 50 விழுக்காட்டுத் தெரிவுகள் இடம் மாறிக் கிடந்தன. ஜப்பானில் கூர்மையாகப் பாடிய குரல் எங்களுக்கு மகுடியாகக் கேட்டது. எல்லைப்புறத்துப் பிள்ளைகளின் நினைவில் இருப்பது, இசையமைத்தவர் ஒருபோதும் எண்ணியிராத மூன்றாவது ஒரு வடிவம்.

நகல் சில்லுகள் பலவற்றைச் செய்தது தைவானின் யுஎம்சி நிறுவனம். அதே நிறுவனத்தின் யுஎம்66 என்னும் மூன்று கால் சில்லு, 64 சுரங்களைத் தனக்குள் வைத்துக்கொண்டு, திறந்தால் பாடும் வாழ்த்து அட்டைகளிலும் வாசல் மணிகளிலும் புகுந்தது. பின்னோக்கி வரும் கார்கள் இழுத்துப் பாடிய மெட்டுகளும் இதே குடும்பத்துச் சில்லுகளின் வேலைதான். விளையாட்டுக் கடையை எட்டிப் பார்க்காத தாத்தாக்களும் சதுர அலையைக் கேட்டுப் பழகிவிட்டார்கள் என்பது பலர் கவனிக்காத செய்தி.

வெளியுலகில் இந்த ஒலி இசைக்குள் நுழைந்தது எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே. ஜப்பானின் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா தன் முதல் தொகுப்பிலேயே (1978) விளையாட்டுக் கருவிகளின் ஓசைகளைப் போலச் செய்து சேர்த்தது. அக்குழுவின் ஹருவோமி ஹோசோனோ 1984இல் நாம்கோ நிறுவன விளையாட்டுகளின் இசையைத் தனித் தொகுப்பாகவே கொண்டுவந்தார். அமெரிக்காவில் பேக்மேன் விளையாட்டைப் பற்றிய பாட்டொன்று 1982இல் விற்பனைப் பட்டியலில் ஒன்பதாம் இடம்வரை ஏறியது. அது விளையாட்டைப் பற்றிய பாட்டே தவிர, விளையாட்டின் மொழியில் எழுதிய பாட்டு அன்று என்பது என் கருத்து. உண்மையான திருப்பம், 1989இல் வந்த கேம் பாய் கருவியையே வாத்தியமாக்கும் நிரல்கள் 1990களின் இறுதியிலும் அதை ஒட்டியும் உருவானபோது நிகழ்ந்தது. பழைய கருவியைக் கையில் ஏந்தி மேடையேறி இசைப்பவர்கள் வந்தார்கள். அவர்களின் இசை சிப்டியூன் என்று அழைக்கப்படுகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், 2021 ஜூலையில், நாடுகளின் அணிவகுப்பு விளையாட்டு இசையோடு நடந்தது. கோஜி கோண்டோ அமைத்த மரியோ மெட்டு 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பட்டியலில் சேர்ந்த முதல் வீடியோ கேம் இசை அதுவே.

இன்றைய இசையமைப்பாளர்கள் துடிப்பலையைத் தேடிப் போவதற்கு ஏக்கம் மட்டும் காரணமன்று. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கி கீழ்ச்சுருதிகளை ஏறத்தாழ விழுங்கிவிடும். ஆனால் சீரிசைகள் செறிந்த அலையில், அடிப்படை அதிர்வு காணாமல் போனாலும், மேலே எஞ்சியிருக்கும் மடங்குகளைக் கொண்டு மூளை அதைத் தானே கணித்து நிரப்பிக்கொள்கிறது. மலிவான தொலைக்காட்சியின் ஒலிபெருக்கியில் கேட்க எழுதப்பட்ட இசை, பேருந்தின் இரைச்சலுக்கு நடுவே கைபேசியிலும் பிழைத்துக்கொள்கிறது.

ஃபேமிகாமைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்கள் சிலவற்றில், நகல் கருவிகளுக்கென்றே 50 ஹெர்ட்ஸ் முறை ஒன்று உண்டு. துடிப்பலைத் தெரிவுகளை இடம் மாற்றும் பொத்தானும் அவற்றில் சிலவற்றில் உண்டு. சென்ற ஓணம் விடுமுறையில், பாறசாலையிலிருந்து வந்திருந்த அண்ணன் மகனுக்கு மூல வடிவத்தைப் போட்டுக் காட்டினேன். அவன் காலால் தாளம் போட்டான். பிறகு இரண்டையும் மாற்றிவைத்தேன். மெட்டு தளர்ந்து, குரல் மகுடியாகி, நான் வாசலில் நின்று கேட்ட இசை அப்படியே வந்தது. “சித்தப்பா, இது என்ன, சார்ஜ் தீர்ந்துபோச்சா?” என்று கேட்டான்.