தூசி வேலையால் நுரையீரல் கெட்டால் இஎஸ்ஐயில் என்ன கேட்கலாம்?

கல் அறுப்பு, ஃபவுண்டரி, சாண்ட் பிளாஸ்டிங், பஞ்சாலை என்று தூசிக்குள்ளேயே வேலை பார்ப்பவருக்கு அந்தத் தூசியால் நுரையீரல் நோய் வந்தால், சட்டம் அதையும் வேலையில் பட்ட காயமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. 1948 இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) சட்டத்திலும் சரி, அதை உள்வாங்கிய 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் சரி, மூன்றாம் அட்டவணைதான் தொழில்நோய்ப் பட்டியல். கல், மணலில் இருக்கும் சிலிக்கா தூசியால் வரும் சிலிகோசிஸ், ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் ஆஸ்பெஸ்டோசிஸ், பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் எல்லாம் அதில் உண்டு.

பலருக்கு இந்த உரிமை கைநழுவுவது டாக்டர் அறையிலேயேதான். சிலிக்கா தூசி உண்டாக்கும் தழும்பு எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே தெரியும், என்ன வேலை என்று யாரும் கேட்காவிட்டால் டிபி மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். (இரண்டும் சேர்ந்தும் வரும், அதுவும் பட்டியலில் இருக்கிறது. அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.) கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் எழுதவும் வையுங்கள். ‘கூலி வேலை’ என்று இருந்தால் பிரயோஜனமில்லை. ‘கல் அறுக்கும் மெஷினில் 12 வருஷம், தண்ணீர் விடாமல் அறுப்பு’ என்று இருக்க வேண்டும்.

சரி, பணம் எவ்வளவு? சிகிச்சைக்காக வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி நாள்கூலியில் 90 சதவீதம். பாதிப்பு நிரந்தரம் என்றால், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்று மருத்துவ வாரியம் சொல்லும், அந்த அளவுக்கு ஆயுள் முழுக்கப் பணம் வரும். நாள்கூலி 600 ரூபாய், இழப்பு 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 540-இல் 40 சதவீதம், அதாவது நாளுக்கு 216 ரூபாய். வாரியம் குறைத்துப் போட்டதாகத் தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம், கட்டாயம் செய்யுங்கள், ஏனென்றால் சிலிகோசிஸ் தூசியை விட்டு விலகின பிறகும் முற்றிக்கொண்டே போகிற நோய். நோயால் இறந்துவிட்டால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு.

இதற்கெல்லாம் இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆனால் அந்தத் தூசியில் தொடர்ந்து எவ்வளவு காலம் வேலை பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். சம்பளச் சீட்டு, பிஎஃப் பாஸ்புக், கேட் பாஸ், பழைய எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும், மனுவைத் தொழிலாளர் துறையில் கொடுக்கலாம். வேலையை விட்ட பிறகு நோய் தெரிந்தாலும், அது அந்த வேலையால் வந்தது என்று காட்ட முடிந்தால் கேட்கலாம்.