படத்துக்கு இல்லாத கேஸ் சுவருக்கு உண்டு

பெங்களூரில் ஸ்ரீராம்புரம், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ்ப் பையன்கள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, "சார், இதைச் சுவர்ல வரைஞ்சா தேசத்துரோக கேஸ் போடுவாங்களா?" என்றுதான். பாதாளச் சாக்கடையில் இறங்கி விஷவாயுவில் செத்தவர்களைப் பற்றிய படமாக இருக்கும். அவ்வளவு தூரமெல்லாம் போக வேண்டியதில்லை. போலீஸுக்குச் சுவர் ஒன்றே போதும்.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கக் கர்நாடகத்தில் 1981ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. ரோட்டில் போகிறவர் கண்ணில் படுகிற சுவரில் எழுத்தோ படமோ போட மாநகராட்சியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். தனியார் சுவருக்கும் இதேதான். "ஓனர் அண்ணன் சரின்னுட்டாரு" என்பது பாதிப் பாதுகாப்புதான். மீறினால் 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் ஒரு பொருட்டில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் சரிபார்க்க வரும்போதுதான் கேஸின் கனம் தெரியும்.

பெங்களூர்த் தெரு ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி 2015இல் சுல்தான்பாளையாவில் ரோட்டுப் பள்ளத்தில் ஒரு முதலைச் சிலையைக் கிடத்தினார். 2019இல் குண்டும் குழியுமான ரோட்டை நிலாவாக்கி, விண்வெளி உடையில் ஒருவரை நடக்கவிட்டார். ஒரு வரி எழுதவில்லை, யாரையும் திட்டவில்லை. ஆனாலும் ரோடு போட ஆள் ஓடி வந்தது. இந்தக் கெட்டிக்காரத்தனம் நம் பையன்களுக்கும் வர வேண்டும்.

வீதி நாடகக்காரர்களுக்கு வேறு சிக்கல். 2021 உத்தரவுப்படி பெங்களூரில் போராட்டம் என்றால் ஃப்ரீடம் பார்க்தான், அதற்கும் போலீஸ் அனுமதி வேண்டும். வேறு தெருவில் நாடகம் போட்டு, கையில் பதாகையும் பிடித்தால் அதைப் போராட்டக் கணக்கில்தான் வைப்பார்கள். அந்தப் பூங்கா ஒரு காலத்தில் மத்தியச் சிறையாக இருந்தது. மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான நடிகை சினேகலதா ரெட்டியை நெருக்கடி நிலையின்போது அங்கேதான் அடைத்தார்கள். ஆஸ்துமாக்காரர். 1977 ஜனவரியில் பரோலில் வெளியே வந்தவர், சில நாளிலேயே இறந்தார்.

ஸ்டேஷனிலிருந்து பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) நோட்டீஸ், அதாவது நேரில் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ், வந்தால் ஊருக்கு ஓடாதீர்கள். ஆஜரானால் பொதுவாகக் கைது செய்ய மாட்டார்கள். ஓடினால் கைதுக்கு நீங்களே காரணம் கொடுத்த மாதிரி. இன்னொன்று. நம் ஆட்கள் பலர் கன்னடம் சரளமாகப் பேசுவார்கள், படிக்க வராது. விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 181ஆம் பிரிவு சொல்கிறது. நீட்டினால் போடாதீர்கள்.